குமிழி பாடாத கோடை

கருவேலங்காட்டுக்குள் ஒரு குட்டை இருந்தது. அதில் தவளைகள் கூட்டமாக வாழ்ந்தன. குட்டையின் கரையில், ஒரு வளைக்குள், கொடுக்கன் என்ற நண்டு தனியாகக் குடியிருந்தது.

பொழுது சாயும்போது தவளைகள் எல்லாம் தண்ணீரோரம் கூடி, வானத்தைப் பார்த்துப் பாடும். அதுதான் அவற்றின் பூசை. பாட்டைக் கேட்டு மேகராசா மனம் இரங்கி மழை தருவார் என்று அவை நம்பின. ஒருவர் வாயை மூடிக்கொண்டாலும் பூசை பலிக்காது என்று மூத்த தவளையான பெருந்தொண்டை சொல்லி வைத்திருந்தது.

அந்தக் கோடையில் குமிழி என்ற தவளை பாடவில்லை.

காரணம் இருந்தது. ஒரு திடீர் மழைக்குப் பிறகு, கரையில் எருமை மிதித்த குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. குட்டையில் முட்டையிட்டால் மீன் தின்றுவிடும்; இங்கே மீன் வராது என்று நினைத்து, குமிழி அந்தத் தடத்தில் முட்டையிட்டது. தலைப்பிரட்டைகள் பிறந்தன. வாலை ஆட்டி ஆட்டி நீந்தின. குமிழி காலையும் மாலையும் வந்து அவற்றை எண்ணிப் பார்க்கும். முப்பத்தொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

பிறகு வெயில் கொளுத்தியது. தடத்துத் தண்ணீர் சுருங்கியது. குமிழி குட்டையிலிருந்து வாயில் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியது. ஊற்றியதை எல்லாம் மண் குடித்தது. கடைசியில் தடம் காய்ந்தே போயிற்று. அதில் எதுவும் அசையவில்லை.

அன்று மாலை குமிழி பூசைக்கு வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மழையும் வரவில்லை. குட்டை வற்றிக்கொண்டே போனது.

"யார் செய்த பாவமோ, நாம் அனுபவிக்கிறோம்!" என்றது ஒரு கிழத் தவளை.

"யாரா? அதோ பார், பிடித்துவைத்த மண் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்!" என்றது பாசியம்மா என்ற வாயாடித் தவளை.

பெருந்தொண்டை குமிழியைக் கூப்பிட்டது. "ஏன் நீ பாடுவதில்லை?"

"தொண்டை அடைக்கிறது, ஐயா."

"எங்கள் தொண்டை மட்டும் இரும்பில் செய்ததா?" என்று பாசியம்மா குறுக்கே பாய்ந்தது. "நாங்கள் கத்திக் கத்திச் சாகிறோம், நீ சும்மா உட்கார்ந்திருப்பாயோ!"

"மேகராசாவுக்கு உன்மேல் கோபம்" என்றது பெருந்தொண்டை. "அதனால்தான் உன் பிள்ளைகளைக் காய வைத்தார். இப்போது எங்களையும் காய வைக்கிறார். குட்டையை விட்டுப் போய்விடு!"

அப்படியும் இருக்குமோ என்று குமிழிக்கே தோன்றியது. வெயிலைவிட அந்த நினைப்புதான் அதை அதிகம் சுட்டது.

கரைமேல் ஏறித் தத்தித் தத்திப் போனது.

"யாரது, என் மண்ணை மிதிப்பது? இப்போதுதான் உருட்டி அடுக்கினேன்!" என்று தரைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான்தான் அண்ணே, குமிழி. கொஞ்சம் நிழல் கிடைக்குமா?"

கொடுக்கன் கண்களை நீட்டிப் பார்த்தது. "நிழல் என்ன, உள்ளே ஈரமே இருக்கிறது. ஆனால் இது ஒன்றரை ஆள் இருக்கும் வளை. ஒரு ஆள் நான். மிச்சம் அரை. முடிந்தால் அடங்கிக்கொள்!"

குமிழி அடங்கிக்கொண்டது.

ஈரம் கீழே இறங்க இறங்க, நண்டும் தோண்டிக்கொண்டே இறங்கியது. மண்ணை உருட்டி மேலே கொண்டு போய், வெயில் ஏறுமுன் அதைக்கொண்டே வாசலை அடைத்துவிடும். அனல் உள்ளே வராது.

ஒருநாள் குமிழி கேட்டது: "அண்ணே, என் பிள்ளைகள் ஏன் செத்தார்கள்? நான் என்ன பாவம் செய்தேன்?"

நண்டு தோண்டுவதை நிறுத்தியது. "தெரியாது, தங்கச்சி."

"மேகராசாவுக்குக் கோபம் என்கிறார்களே!"

"நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்குக் கோபம் வருமா என்றும் தெரியாது. ஆனால் நீ வாயில் தண்ணீர் சுமந்ததை வாசலில் இருந்து பார்த்தேன். அதில் பாவம் எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை!"

குமிழி அப்போதுதான் அழுதது. நண்டு அடுத்த மண்ணை உருட்டியது.

மாலையில் பூசைப் பாட்டு வளைக்குள்ளும் மெல்லக் கேட்கும். குமிழி குரல்களை எண்ணும். நாளுக்கு நாள் அவை குறைந்தன. ஒரு மாலை பெருந்தொண்டையின் குரலும் கேட்கவில்லை.

"அண்ணே, வாசலைத் திற!"

"உனக்குப் பைத்தியமா? அடிக்கிற அனலில் இருக்கிற ஈரமும் போய்விடும். அதுவும் உன்னைத் துரத்தினவர்களுக்காகவா?"

"என் பிள்ளைகள் காய்ந்தபோது நான் ஒருத்திதான் தண்ணீர் சுமந்தேன். கூட ஒரு வாய் கொண்டுவர யாரும் இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அண்ணே."

"அரை ஆள் இடம் கேட்டு வந்தவள் ஊரையே கூட்டுகிறாள்!" என்று முணுமுணுத்தபடி நண்டு கொடுக்கால் வாசலை இடித்தது.

குமிழி வாசலில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு குரல் வந்தது. கரகரத்த குரல்தான்.

"இங்கே வாருங்கள்! ஈரம் இருக்கிறது! இங்கே வாருங்கள்!"

வெடித்த சேற்றில் கிடந்த தவளைகள் தலையைத் தூக்கின. கண் இருண்டு கிடந்தவைகூட அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வந்தன. பெருந்தொண்டையைப் பாசியம்மா இழுத்து வந்தது.

"குமிழி..." என்று ஆரம்பித்தது பெருந்தொண்டை.

"பேச்சு அப்புறம், ஐயா. முதலில் உள்ளே போங்கள்!"

"மெதுவாக! என் கண்மேல் உட்கார்ந்திருப்பது யார்?" என்று உள்ளே நண்டு கத்தியது. "வந்தவர்கள் சும்மா இருக்கக் கூடாது. தோண்டுங்கள்!"

எல்லாம் சேர்ந்து தோண்டின. வளை அகலமாயிற்று. ஆழமும் ஆயிற்று. வழி தெரியாமல் எவரும் வெளியே கிடந்துவிடக் கூடாது என்று, குமிழி தினமும் மாலையில் வாசலில் இருந்து பாடியது.

ஒரு மாலை, பாடத் தொடங்குமுன்னே வானம் கறுத்தது. மழை கொட்டியது.

"பார்த்தீர்களா!" என்று பெருந்தொண்டை துள்ளியது. "குமிழியின் பாட்டுக்கு மேகராசா இரங்கிவிட்டார்!"

"இல்லை, ஐயா. இத்தனை நாள் பாடினேன். மழை வரவில்லை. என் பாட்டுக்கு வந்தது நீங்கள்தான்."

"அப்படியானால் மழை ஏன் வந்தது?"

"தெரியாது, ஐயா" என்றது குமிழி.

அது கரையில் இருந்த குளம்புத் தடத்தருகே போய் நின்றது. தடம் மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. குமிழி அதை வெகுநேரம் பார்த்தது. பிறகு தலையை உயர்த்தி, யாருடைய கணக்குக்கும் கட்டுப்படாமல் விழும் அந்த மழையை வியப்போடு பார்த்தது. எதையும் கேட்காமல் பாடத் தொடங்கியது.

துன்பம் ஏன் வந்தது என்று நமக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் துன்பப்படுகிறவரைப் பாவி என்று தள்ளாமல், நம் இடத்தில் அரை இடமாவது கொடுப்பதே உண்மையான பூசை.