அடைப்புக்குள் அடைப்பு

அந்த ஆஸ்பத்திரியின் கணினி அறையில் குரு இளையவள், சீடர் மூத்தவர். சபூராவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஞானதிரவியம் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்து, ஆசைப்பட்டு இங்கே மாற்றல் கேட்டு வந்தவர். பேரிலேயே ஞானத்தை வைத்துக்கொண்டு என்னிடம் படிக்க வந்தீர்களே என்று அவள் கேலி செய்வாள்.

அவருக்குக் கொடுத்த முதல் வேலை சின்னதுதான். படுக்கை எண்ணைத் தட்டினால், அந்த நோயாளியின் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வர வேண்டும். திரையிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டர் வார்டுக்கு வருவதற்குள் சரியாகாவிட்டால், பழையபடி காகிதமே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

சீடர் முகம் வாடி குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது.

"கம்ப்யூட்டர்ட்ட என்ன கேட்டிருக்கீங்க அண்ணாச்சி?"

"பெரிய தேதி, அதாவது ஆகக் கடைசித் தேதி எதுன்னு முதல்ல கேக்கேன். அந்தத் தேதியில பெரிய நேரம் எதுன்னு மறுபடி கேக்கேன். அந்த நேரத்துல பெரிய பரிசோதனைச் சீட்டு நம்பர் எதுன்னு இன்னொருக்க கேக்கேன். அப்புறம்தான் முடிவைக் கேக்கேன். எல்லாம் அடைப்புக்குறி போட்டுத்தான்; அடைப்புக்குள்ள அடைப்பு, அதுக்குள்ள இன்னொரு அடைப்பு. பதில் சரிதாம்மா. வரத்தான் மாட்டேங்கு."

சபூரா திரையைப் பார்க்கவே இல்லை.

"உங்க போனை எடுங்க. கடைசியா கூப்பிட்டது யாரு?"

அவர் பையிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்தார்.

"என் மக." குரல் இறங்கிவிட்டது. "காலையிலேர்ந்து கூப்பிட்டிருக்கா. பேரனுக்கு இன்னைக்குப் பிறந்தநாள். இந்த வேலையில சத்தத்தை அமத்தி வச்சிருந்தேன்."

"பெரிய தேதி எதுன்னு பாத்தீங்களா?"

"இல்ல."

"பெரிய நேரம்?"

"இல்லம்மா. மேலேயே இருந்தா."

"மேல எப்படி வந்தா?"

ஞானதிரவியம் போனில் இருந்த பட்டியலை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"புதுசு மேல நிக்க மாதிரி அடுக்கி வச்சிருக்கு."

சொன்ன கையோடு தன் இடத்துக்கு ஓடினார். அடைப்புகளை எல்லாம் அழித்தார். தேதி, நேரம், சீட்டு நம்பர், இந்த முறையில் புதியது மேலே வரும்படி அடுக்கு, மேலே நிற்கும் ஒன்றை மட்டும் கொடு என்று எழுதினார். படுக்கை எண்ணைத் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடிவு வந்து நின்றது.

"வந்துட்டு தாயி!"

டாக்டர் இன்னும் வார்டுக்கு வந்திருக்கவில்லை. சீடருக்குக் கண் கலங்கியது.

"இன்னும் ஒருக்க ஓட்டிப் பாக்கட்டுமா?"

"அது ஓடும் அண்ணாச்சி. வரிசையில இப்ப முதல்ல நிக்கது உங்க பேரன். கூப்பிடுங்க."