கருட மட்டைக்கு வந்த சோதனை

எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ஆனால் பூவரசங்கோட்டை என்ற நாட்டை மணிமகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தது மட்டும் நிஜம். அவனுக்குப் போர் பிடிக்காது, வேட்டை பிடிக்காது. பிடித்ததெல்லாம் இறகுப்பந்து! விடிந்தால் மட்டையும் கையுமாக மண்டபத்தில் நிற்பான். ஆடினால் ஜெயிப்பான். பதினெட்டு வருஷமாக ஒருநாளும் தோற்றதே இல்லை.

எப்படித் தோற்பான்? ராஜா அடித்த பந்தை ஒழுங்காகத் திருப்பி அடிப்பது மரியாதைக் குறைவு என்பது அந்த அரசவையின் வழக்கம். தளபதி வேண்டுமென்றே வலையில் அடிப்பார். புரோகிதர் பந்து போன பிறகு மட்டையை வீசுவார். இது மடைப்பள்ளிப் பூனைக்குக்கூடத் தெரியும், ராஜா ஒருவனுக்குத்தான் தெரியாது.

மண்டபத்து மூலையில் உட்கார்ந்து மட்டைகளுக்கு நரம்பு கட்டும் காத்தாயி இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கியே வயிறு வலித்துப்போனவள். கட்டிய நரம்பு சரியாக இருக்கிறதா என்று சுவரில் பந்தை அடித்துப் பார்ப்பது அவள் வேலை. இருபது வருஷமாக, நாளுக்கு நூறு அடி!

மண்டபத்து அதிகாரி உக்கிரசிங்க ராயருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ராஜா நேரே அவளிடம் பேசுகிறானே என்று ஒரே எரிச்சல். அந்த வருஷத் திருவிழாவுக்கு ராயர் பட்டுத்துணியில் சுற்றி ஒரு மட்டையைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் பொன்பூச்சு, தகதகவென்று மின்னியது.

"பிரபு! போன வருஷம் தந்தது கறுப்பு இடி மட்டை. இது கருட மட்டை! தலை ஒரு நூலிழை அகலம் அதிகம், எடை ஒரு குன்றிமணி குறைவு. பந்து இருபது மடங்கு வேகத்தில் பறக்கும்! நரம்பு தளரவே தளராது!"

"இருபது மடங்கா!" ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆமாம் பிரபு. பழைய மட்டைகளை அடுப்பில் போடலாம். நரம்பு கட்டுகிறவளுக்கும் இனி இங்கே வேலையில்லை."

இந்த வேலையை விட்டால் காத்தாயிக்கு வேறு பிழைப்பு ஏது? ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"மகாராஜா, போகச் சொன்னா போயிடறேன். அதுக்கு முன்னால இடி மட்டைக்கும் கருட மட்டைக்கும் ஒரே மாதிரி நரம்பு, ஒரே மாதிரி பிடித்துணி கட்டித் தரேன். ராயர்கூட ரெண்டாலயும் ஆடிப் பாருங்க. கருடன் ஜெயிச்சா நான் இப்படியே நடையைக் கட்டறேன்."

"ஆகட்டும்! நாளைக் காலை!" என்றான் ராஜா.

மறுநாள் மண்டபத்தில் எள் போட இடமில்லை. காத்தாயி முதலில் கறுப்பு மட்டையை நீட்டினாள். ராயர் அதைப் பார்த்தார். பழைய மட்டை மண்ணைக் கவ்வினால்தானே புதுசுக்கு மதிப்பு! வாழ்க்கையில் முதல்முறையாக ராஜாவை எதிர்த்து உண்மையாக ஆடினார். பதினைந்துக்கு நாலு! ராஜா தோற்றான்.

"சே! இது மட்டையா, துடைப்பக்கட்டையா!" என்று ராஜா அதை வீசினான்.

அடுத்து பொன் மட்டை. ராயர் வழுக்கினார், வலையில் சிக்கினார், பந்தைப் பார்த்துக் கும்பிட்டார். பதினைந்துக்கு ஒன்று!

"கருடன் பறக்கிறான் பிரபு!" என்று ராயர் கூவ, சபை ஆர்ப்பரித்தது. ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

காத்தாயி எண்ணெய்த் துணியை எடுத்துக் கறுப்பு மட்டையை அழுத்தித் துடைத்தாள். விளக்குக் கரி கலைந்தது, உள்ளே பொன் மின்னியது. பிறகு பொன் மட்டையைச் சுரண்டினாள். மஞ்சள் பூச்சு உதிர்ந்தது, உள்ளே போன வருஷத்துக் கறுப்பு!

"அப்படியானால் கருடனால் தோற்று, பழசால் ஜெயித்தேனா?" என்றான் ராஜா. "ராயரே, இரண்டு ஆட்டமும் உண்மையாகத்தான் ஆடினீரா?"

ராயர் திருதிருவென்று விழித்தார். ஆமாம் என்றால் கருட மட்டை குப்பை. இல்லை என்றால் ராஜாவையே ஏமாற்றிய குற்றம். "பிரபு... வந்து... காற்று..." என்று இழுத்தார்.

"மண்டபத்துக்குள் ஏதய்யா காற்று!" ராஜா சட்டென்று காத்தாயி பக்கம் திரும்பினான். "நீயாவது சொல். நான் நன்றாக ஆடுகிறேனா?"

"தெரியாது மகாராஜா. யாரும் உங்ககூட ஆடினதே இல்லையே!"

"மட்டை?"

"கருடனும் நல்ல மட்டைதான். பிடி கொஞ்சம் வாகா இருக்கும். நரம்பு சரியா இருந்தா பந்து கொஞ்சம் விறுவிறுன்னு போகும். இருபது மடங்கெல்லாம் ராயர் வாயிலதான்."

"எடு மட்டையை! என்னோடு ஆடு. ஒரு அடி விட்டுக்கொடுத்தாலும் உனக்கு இங்கே வேலையில்லை!"

ராஜாவை ஜெயித்தால் கோபத்தில் துரத்துவானோ? விட்டுக்கொடுத்தால் சொன்னபடி துரத்துவான். வருவது வரட்டும் என்று காத்தாயி முந்தானையை இடுப்பில் செருகினாள். அப்புறம் பாருங்கள்! சுவரோடு இருபது வருஷம் ஆடிய கை அது! ராஜா இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினான், கிரீடம் உருண்டது, விழுந்து எழுந்தான். பதினைந்துக்கு இரண்டு!

ராஜா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இளைத்தான். முகம் சிவந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு!" என்று கத்தினான். "பார்த்தீர்களா எல்லாரும்? ரெண்டு புள்ளி நானே எடுத்தேன்! நானே!" என்று குழந்தையாகக் குதித்தான். கழுத்து முத்துமாலை காத்தாயி கைக்குப் போனது. மண்டபத்து அதிகாரமும் அவளுக்கே என்று அங்கேயே உத்தரவானது. ராயருக்கும் ஓர் உத்தரவு: கருட மட்டைகளைக் கடைத்தெருவில் அவரே கூவி விற்க வேண்டும், "பிடி வாகா இருக்கும், மத்ததெல்லாம் உங்க கைதான்" என்று மட்டும் சொல்லி!

காத்தாயி முத்துமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நாளைக் காலையில் மூணு எடுப்பேன், காத்தாயி!" என்றான் ராஜா.

"எடுங்க, பார்க்கலாம்!" என்றாள் அவள்.