மூழ்கிப் பார்த்தான் ஒச்சப்பன்

கூத்தங்குளத்தில் பந்தல் போடுகிறவர்கள் மூன்று பேர்: ஒச்சப்பன், வெள்ளையப்பன், சின்னக்கருப்பு. மூன்று தலைக்கும் சேர்த்து அரை மூளைதான். அந்த அரையையும் ரீல்ஸ் தின்றுகொண்டிருந்தது.

ஒச்சப்பனுக்கு ரொம்பவே முற்றிப்போயிருந்தது. சோற்றைப் பிசையும்போதும் போன்தான். பிடித்த ரீல்ஸ் வந்தால் டொக் டொக் என்று இரண்டு தட்டு, லைக் விழுந்துவிடும். "என் மூஞ்சிய என்னிக்கு நிமிந்து பாக்குறியோ, அன்னிக்கு வாரேன்" என்று பெண்டாட்டி முத்தழகி பக்கத்துத் தெரு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாவம், அவளில்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் தம்பி ராசபாண்டி மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். இரக்கப்பட்டு ஒரு வி.ஆர். கண்ணாடி கொண்டுவந்தான்.

"மச்சான், போனை இதுக்குள்ள சொருகி மாட்டிக்கங்க. ரெண்டு ரீல்ஸ் ஓடும். அப்புறம் காடு வரும், அருவி வரும், மூச்சை இழுத்து விடச் சொல்லும். புத்தி தெளிஞ்சிரும். ஆனா மேலோட்டமா பாக்கக்கூடாது, முழுசா மூழ்கிப் பாக்கணும்."

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். மூவரும் நேரே ஊருணிக்குப் போனார்கள்.

"மூழ்கிட்டா மூச்சை எப்படிடா இழுக்கிறது?" என்றான் ஒச்சப்பன்.

நியாயமான கேள்விதானே! வெகுநேரம் யோசித்தார்கள்.

"நீ மூழ்கு மாப்ள. ஒனக்கும் சேத்து நாங்க கரையில நின்னு இழுத்து விடுறோம்" என்றான் வெள்ளையப்பன்.

"அப்ப நான் இழுக்கேன், நீ விடு. ஒரே ஆளு ரெண்டு வேலை பாத்தா எளைக்கும்" என்றான் சின்னக்கருப்பு.

போனைச் சொருகிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒச்சப்பன் மூழ்கினான். சின்னக்கருப்பு மூச்சை இழுத்தான். விடுவது தன் வேலையில்லை என்று கன்னம் உப்ப நின்றான். வெள்ளையப்பனோ விட்டான், விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீருக்குள்ளிருந்து குமிழிதான் வந்தது.

"ஐயையோ, ஒச்சப்பன் ஊருணியில விழுந்துட்டான்!" என்று துணி துவைத்த பொம்பளைகள் போட்ட கூச்சலில் முத்தழகி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். தண்ணீரில் இறங்கி, முடியைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டாள். இழுத்த இழுப்பில் கண்ணாடி போனோடு ஊருணிக்குள் போயே போய்விட்டது. அது ஒச்சப்பனுக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தான். எதிரே முத்தழகி. வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

"பாத்துட்டான்! நிமிந்து பாத்துட்டான்!" என்று அவள் பொலபொலவென்று அழுதாள்.

"டேய், ராசபாண்டி சொன்னது நெசம்டா! மூழ்கிப் பாத்தா அச்சு அசல் என் முத்தழகியே தெரியுதுடா! நெத்தியில மச்சம்கூட வச்சிருக்கான்!"

சந்தோஷம் தாங்காமல் கையை நீட்டி, அவள் கன்னத்தில் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டினான்.

அழுகை சட்டென்று நின்றது. அவன் கன்னத்தில் பளார் பளார் என்று இரண்டு விழுந்தது.

அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டான் சின்னக்கருப்பு.

"மாப்ள! தங்கச்சியும் லைக் போட்டுருச்சுடா!"