வலி என்று எழுதக் கூடாது

மலைமேல் இருபது கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதை நடத்தி வந்தவர் டாக்டர் நாச்சியார். அவரிடம் வைத்தியம் கற்றுக்கொள்ள வந்தவர் டாக்டர் ஜோதிலிங்கம். குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு நாற்பத்திரண்டு. பதினைந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் உட்கார்ந்து காய்ச்சலுக்கு மாத்திரையும் லீவுக்குச் சான்றிதழும் கொடுத்து அலுத்துப்போய், இனியாவது நிஜ வைத்தியம் பார்க்கலாம் என்று பெண்டாட்டி, பிள்ளையோடு மலையேறி வந்தவர்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. நோயாளியின் நோட்டில் வலி என்று எழுதக் கூடாது. நோயாளி வாயிலிருந்து என்ன சொல் வந்ததோ அதை அப்படியே, நேரம் போட்டு எழுத வேண்டும்.

பழைய நோட்டுகளை ஜோதிலிங்கம் புரட்டிப் பார்த்தார். 'விரல் விண்விண்ணுன்னு தெறிக்குது' என்று ஒரு வரி. சீழ் கட்டியிருக்கிறது, கீறிவிடவும் என்று அதன் கீழே நாச்சியார் எழுதியிருந்தார். 'விலாவுல மிளகாய அரைச்சுப் பூசினாப்ல எரியுது' என்றவருக்கு, இது நரம்பு, வழக்கமான மாத்திரை கேட்காது என்று குறிப்பு. 'பாதம் மதமதன்னு இருக்கு, செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரியல' என்று சொன்ன சர்க்கரை நோயாளிக்குத்தான் இருப்பதிலேயே நீளமான குறிப்பு. தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லவும், ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரியாது என்று அது முடிந்தது.

ஜோதிலிங்கத்துக்கு இதெல்லாம் கூச்சமாக இருந்தது. படித்தவர்கள் எழுதும் நோட்டு சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாச்சியார் அவர் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். ஜோதிலிங்கத்தின் மனைவி கடைக்குப் போயிருந்தார். அவர்களுடைய இரண்டு வயது மகள் நிலானி சமையலறையில் ஒரு தட்டுமூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். காது கிழிகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஜோதிலிங்கம் கேட்டார்.

"வலின்னு எழுதினா என்ன மேடம் தப்பு? இருக்கா, இல்லையா, அது தெரிஞ்சாப் போதாதா?"

நாச்சியார் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது தட்டுகிற சத்தம் நின்றது. ஜோதிலிங்கம் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினார். நிலானி தீப்பெட்டியைத் திறந்து, குச்சிகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். ஒரு குச்சி வாயில் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது நாச்சியார் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

அது பலாப்பழக் காலம். அந்த மாதங்களில் மலையில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் பழி பழத்தின்மேல்தான். நோயாளியே அப்படிச் சொல்லிக்கொண்டு வருவார், வைத்தியரும் தலையாட்டிவிடுவார். நாச்சியார் இரண்டு நாள் வேலையாகக் கீழே போயிருந்த சமயம், பொன்னுரங்கன் என்ற விவசாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பத்துச் சுளை தின்றேன் என்றார். ஜோதிலிங்கம் வாயு என்று முடிவு கட்டி ஊசி போட்டுப் படுக்க வைத்தார். மேடம்தான் ஊரில் இல்லையே என்று நோட்டிலும் தன் இஷ்டப்படி எழுதினார். செவ்வாய் காலை, வயிற்று வலி. செவ்வாய் சாயங்காலம், வயிற்று வலி. புதன் மதியம், வலி இல்லை.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தன் ஊசி வேலை செய்துவிட்டது.

பொன்னுரங்கனுக்கு அதைவிடச் சந்தோஷம். மறுநாள் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவர் ஒருவர்தான். தங்கை அங்கம்மா பையைக் கட்டி வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குத் தயாராக நின்றாள்.

இரண்டு மணிக்கு நாச்சியார் வந்தார். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. நோயாளி சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ஜோதிலிங்கம் எரிச்சலோடு போய்க் கேட்டார். பொன்னுரங்கன் நிதானமாகச் சொன்னார்.

"மொதல்ல தொப்புளச் சுத்திப் பெசஞ்சுதுங்க டாக்டரு. பொழுது சாய எறங்கி, இந்த வலப்பக்கம் குத்த ஆரம்பிச்சுது. கால நீட்ட முடியல. இன்னிக்கி மத்தியானம் பட்டுனு விட்டுப் போச்சுங்க."

அவர் சொன்னதை நேரம் போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய ஜோதிலிங்கம், எழுதியதைத் திரும்பப் படித்தார். நோட்டை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

நாச்சியார் நோட்டை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் எழுந்து கட்டிலருகே போனார்.

"ஒரு தடவ பலமா இருமுங்க."

பொன்னுரங்கன் இருமப் போனார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கை தானாக வயிற்றுக்குப் போனது. நாச்சியார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வயிறு பலகையாக இறுகியிருந்தது.

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றதும் அங்கம்மா பதறிவிட்டாள். வலிதான் போய்விட்டதே, நாளைக்குப் பிள்ளைக்கு மடி யாருடையது என்று கேட்டாள்.

"காத அடுத்த மாசம் குத்திக்கலாம்மா. மாமனுக்கு எங்க போவீங்க?" என்றார் நாச்சியார்.

குடல்வால் வெடித்திருந்தது. வெடித்ததால்தான் மத்தியானம் வலி விட்டிருந்தது. வயிற்றுக்குள் சீழ் பரவ ஆரம்பித்திருந்தது. நாச்சியார் வெட்டி, கழுவி, தைத்தார். ஜோதிலிங்கம் பக்கத்தில் நின்று கேட்டதை எடுத்துக் கொடுத்தார். நடுவில் வெளியே பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. அதில் இந்த மனிதரை ஏற்றி அனுப்பியிருப்பேனே என்று நினைத்துக்கொண்டார்.

பிழைத்துக்கொள்வார் என்று அங்கம்மாவிடம் சொல்லிவிட்டு நாச்சியார் வந்து கை கழுவினார். ஜோதிலிங்கமும் பக்கத்துக் குழாயைத் திறந்தார்.

"வலி நின்னுதுன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துது மேடம். அதையே படிச்சிட்டு நீங்க எழுந்து ஓடறீங்க. எப்படி?"

நாச்சியார் குழாயை மூடினார்.

"அன்னைக்கு உங்க வீட்டுல, நிலானி மூடியத் தட்டறத நிறுத்தினதும், நீங்க எதுக்கு டாக்டர் எழுந்து ஓடினீங்க?"