மூன்றாம் முறை கட்டிய ஜார்

"மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டீங்க மேடம். இந்த ஜார்ல என்னதான் தப்பு?"

கேட்டவர் மாசிலாமணி. ஐம்பத்திரண்டு வயது, ஜாவா என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்கி எட்டு மாதம். எழுதிய நிரலை ஒரே கோப்பாகப் பொட்டலம் கட்டினால் அதற்கு ஜார் என்று பெயர். அவருடைய குரு பானுவுக்கு முப்பது. வயதெல்லாம் அங்கே செல்லுபடியாகாது. பானு தலையசைக்காமல் எந்த நிரலும் அந்த அலுவலகத்தின் வாசலைத் தாண்டியதில்லை.

பானு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்கு மருத்துவமனை சர்வரில் ஏற்றியாக வேண்டும். ஜாருக்குள் இருப்பது, நோயாளியின் பெயரைக் கொடுத்தால் ரத்த வகையைச் சொல்லும் செஷன் பீன்; சர்வரில் இருந்துகொண்டு கேட்பவருக்கெல்லாம் பதில் சொல்லும் சிறு நிரல். நாளைக் காலை மாசிலாமணியின் மகள் செவ்வந்தி அதே மருத்துவமனையில்தான் பிரசவத்துக்குச் சேர்கிறாள். அப்பா எழுதியது என்று இப்போதே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிகிறாள்.

"ஃபோல்டரை எல்லாம் மாத்தி அடுக்கினேன். பழைய கிளாஸ் ஃபைலை அழிச்சுட்டுப் புதுசா பில்ட் பண்ணினேன். சர்வர் ஒரு எரர்கூடக் காட்டலை."

"கட்டினதுல குறை இல்ல சார்."

மாசிலாமணிக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்ப வேணும்னே இழுத்தடிக்கிறீங்களா?"

தொலைபேசி அடித்தது. மருத்துவமனை எண். இருவரும் எடுக்கவில்லை.

"டெஸ்ட் பண்ணினது யாரு?"

"நான்தான். நூறு தடவை."

"கூட யாரு இருந்தா?"

"கூட எதுக்கு மேடம்? ஒரு ஆள் போதாதா?"

பானு பக்கத்துக் கணினியின் முன் போய் உட்கார்ந்தார்.

"பேரைப் போட்டு, அதை அனுப்புற முதல் பட்டனை மட்டும் அழுத்துங்க."

மாசிலாமணி எப்போதும் போல மகள் பெயரைப் போட்டு அழுத்தினார்.

"கையை எடுங்க."

பானு அதே சர்வரோடு இணைந்த பக்கத்துக் கணினியில் தன் பெயரைப் போட்டு, அதே முதல் பட்டனை அழுத்தினார்.

"இப்ப நீங்க ரெண்டாவது பட்டன், ரத்த வகை கேக்கறது."

அழுத்தினார்.

மாசிலாமணியின் திரையில் செவ்வந்தி என்று இருந்தது. அதன் கீழே, பி பாசிட்டிவ்.

"இல்லையே. அவ ஓ நெகட்டிவ்."

"பி பாசிட்டிவ் நான், சார்."

மாசிலாமணி நிரலைத் திறந்தார். வந்தவருக்குப் பதில் சொன்னதும் மறந்துவிடும் வகை என்று பீனின் தலைப்பில் அவரே குறித்திருந்தார். நாலு வரி கீழே, வந்தவர் பெயரை அது நினைவில் வைத்துக்கொள்ள இடமும் அவரே ஒதுக்கியிருந்தார். ஒரே ஒரு பெயருக்கான இடம்; அடுத்தவர் பெயர் வந்ததும் முந்தையது அழிந்துவிடும். மூன்று முறையும் அதை அப்படியே உள்ளே வைத்துத்தான் பொட்டலம் கட்டியிருந்தார்.

மருத்துவமனையிலிருந்து தொலைபேசி மறுபடி அடித்தது. இந்த முறை மாசிலாமணியே எடுத்தார்.

"சார், பன்னிரண்டுக்கு ஏத்திடலாமா?"

"வேண்டாம்."

"என்ன சார், நல்லா ஓடுதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

மாசிலாமணி பக்கத்துக் கணினியைப் பார்த்தார்.

"நேத்து நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தேன்."