இடது மூக்கும் வலது மூக்கும்

“இதைவிட வீரியமான சொட்டு மருந்து இருந்தா எடு தாயி,” என்று தன் குப்பியைக் காட்டினார் இசக்கியப்பன்.

மருந்துக்கடை பியூலா நிமிர்ந்து பார்த்தாள். “இது என்ன செய்யுது?”

“முதல்ல ஒரு சொட்டு விட்டா பாதி நாள் மூக்கு திறந்து கிடக்கும். இப்ப ஒரு மணி நேரம் தாங்கல. முதலாளி குடுக்குற வாக்கு மாதிரி ஆயிட்டு.”

இசக்கியப்பன் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பேச்சாளர். மைக் இல்லாமலே இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கேட்கப் பேசுகிறவர். போன கூட்டத்தில் முழக்கமிடக் கையை உயர்த்தினார். முஷ்டிக்குள் மருந்துக் குப்பி இருந்தது.

கூட்டம் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டார். முதலாளியின் கணக்குப்பிள்ளையும் சிரித்தான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாளில், உப்பளத்தில் வேலையில்லாத மழைக்காலத்துக்குப் படி கேட்டுப் பொதுக்கூட்டம். அவர் மூக்கு திறக்காவிட்டால் செயலாளர் தவசிக்கனி பேசட்டும் என்று சங்கம் முடிவெடுத்திருந்தது. தவசிக்கனி நல்லவர்தான். முதலாளியைக் கண்டால் “தயவுசெய்து” என்று தொடங்குகிற நல்லவர்.

“எத்தனை நாளா விடுதீங்க, அண்ணாச்சி?”

“சித்திரையில பிடிச்ச சளி.”

“இது புரட்டாசி.”

“அதான் சொல்லுதேன். எவ்வளவு பிடிவாதமான சளி பாரு!”

“சளி சித்திரையிலேயே போயிருக்கும். பிரஷர் உண்டா?”

“என்னால முதலாளிகளுக்குத்தான் பிரஷர்.”

“விளையாடாதீங்க.”

“போன வாரம்தான் டாக்டர் பார்த்தாரு. ஒண்ணும் இல்ல.”

பியூலா மேசை இழுப்பறையைத் திறந்தாள். மூன்று காகிதங்களை எடுத்து வைத்தாள். தன் கைப்பட எழுதி, நகலெடுத்து, ஒவ்வொரு மருந்துப் பெட்டியோடும் அவள் கொடுக்கிற காகிதம். மூன்றிலும் மடிப்புக் கலையவில்லை.

“இந்தக் கடை வாசல்ல நீங்க போட்டுட்டுப் போனது. மூணாவது குப்பி மச்சானுக்குன்னு சொல்லி வாங்கினீங்க. வெளியே போனதும் மச்சான் மூக்கை விட்டுட்டு உங்க மூக்குல விட்டீங்க. மத்த கடையில வாங்கினது எனக்குத் தெரியாது.”

இசக்கியப்பனுக்குக் காது சூடேறியது. பள்ளிக்கூடம் பார்க்காதவர் அவர். சங்கத்தின் துண்டறிக்கைகளை எழுத்துக் கூட்டி வாசித்தே ஆளானவர். துண்டறிக்கையை வாசிக்காமல் கசக்கிப் போடுகிறவனை அவர் இன்றுவரை சும்மா விட்டதில்லை. பொறுக்கி எடுத்து, நீவி, அவன் கையிலேயே திரும்பத் திணிப்பார்.

பியூலா ஒரு காகிதத்தைப் பிரித்தாள். நீவினாள். அவர் கையில் திணித்தாள்.

“வாசிங்க.”

வாசித்தார். மேடைக் குரலில்தான் வாசிக்க வந்தது. “மூன்று நாள். மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் விட்டால் மருந்தே மூக்கை அடைக்கும். ஒரு குப்பி ஒருவருக்கே. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விடக் கூடாது.”

தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

“திறக்குற மருந்து எப்படித் தாயி அடைக்கும்? நம்புற மாதிரி இல்லையே.”

“உங்க அறிக்கையை நம்பாதவனை என்ன செய்வீங்க?”

“களத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்.”

“அப்ப களத்துக்குப் போங்க. இன்னையிலிருந்து வலது மூக்குக்கு இந்த மருந்து கிடையாது. இடதுக்கு வழக்கம்போல விடுங்க.”

“பாதி வேலைநிறுத்தமா? நாப்பது வருஷத்துல நாங்க அதுக்கு ஒப்புக்கிட்டதே இல்ல.”

“வலது ரொம்ப அடைச்சா இது.” இன்னொரு குப்பியை வைத்தாள்.

“இது என்ன?”

“உப்புத் தண்ணி.”

இசக்கியப்பன் கடையே அதிரச் சிரித்தார். “உப்பளத்துக்காரனுக்கே உப்பு விக்கியா!”

“உங்க பாத்தித் தண்ணியை மூக்குல விட்டுப் பார்க்காதீங்க. இது மருந்துக்கு அளந்து செஞ்சது. ஒரு வாரம் கழிச்சும் வலது அடைச்சே இருந்தா என்கிட்ட வராதீங்க. டாக்டர்கிட்ட போங்க.”

முதல் மூன்று நாள் வலது மூக்கு கல்லாய்க் கிடந்தது. இசக்கியப்பன் பியூலாவைத் திட்டினார். உப்புத் தண்ணியைத் திட்டினார். வேறு கடைக்கு நடந்து, பாதி வழியில் தன்னையே கருங்காலி என்று திட்டிக்கொண்டு திரும்பினார்.

ஆறாம் நாள் காலை, பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். அவருக்கு மணத்தது.

வலது பக்கமாக.

கடைக்கு ஓடினார்.

“திறந்துட்டு!”

“எது?”

“வலது.”

“இடது?”

“அது அடைச்சுத்தான் கிடக்கு.”

“எந்தப் பக்கத்துக்கு மருந்து விட்டீங்க?”

இசக்கியப்பன் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து உற்றுப் பார்த்தார். பழைய தோழர் ஒருவரை முதலாளி வீட்டுப் பந்தியில் கண்டவர் மாதிரி பார்த்தார். பிறகு வாசலிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

“மிச்சம் ரெண்டு காகிதம் இருக்குல்லா? குடு.”

பன்னிரண்டாம் நாள். அதற்குள் இடது மூக்கும் திறந்திருந்தது. உப்பளத்துக் கரையெல்லாம் ஆட்கள். இசக்கியப்பன் கையை உயர்த்தினார். எல்லாக் கண்ணும் முதலில் முஷ்டியைத்தான் பார்த்தது.

விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை. கூட்டம் கைதட்டியது. மறுபடி மூடினார்.

முழக்கம் அந்தக் கரைக்குக் கேட்டது. கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை.

பேசி முடித்து இறங்கியபோது, மேடைக்குப் பின்னால் தவசிக்கனி அண்ணாந்து நின்றார். மூக்கில் ஒரு குப்பி.

“எத்தனை நாளா, தோழர்?”

“ஆச்சு, ஒரு மாசம். இதைவிட வீரியமானது எங்க கிடைக்கும்?”

இசக்கியப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நீவினார்.

“கீழ போட்டா விடமாட்டேன்,” என்றார். “வாசி.”