கவையன் விட்ட பெருமூச்சு

ஒரு காட்டில், ஆற்றை ஒட்டிய புல்வெளியில், துடியாள் என்றோர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். ஆட்காட்டிக்கு என்ன வேலை தெரியுமா, குழந்தைகளே? சிறுத்தை பதுங்கி வந்தாலும், செந்நாய் மோப்பம் பிடித்து வந்தாலும், முதலில் பார்த்துக் கத்துவதுதான். அவள் கத்தினால் மேய்கிற கூட்டம் தலை தூக்கும், ஓடித் தப்பும். பதிலுக்கு, அந்தக் கூட்டத்தின் நடுவே அவள் தரையில் முட்டையிட்டுக்கொள்ளலாம். கீரி வந்தால் குளம்புகள் பார்த்துக்கொள்ளும்.

துடியாள் வெகுகாலம் புள்ளிமான் கூட்டத்துக்குக் காவல் இருந்தாள். கூட்டத்தின் தலைவன் கவையன். கிளை கிளையாகப் பிரிந்த கொம்பு அவனுக்கு. பேச்சோ தேனாக ஒழுகும்.

ஒரு நாள் கவையன், "இந்தப் பக்கம் புல் நன்றாயிருக்கிறது, வாருங்கள்" என்று கூட்டத்தை மூங்கில் புதர்வரை அழைத்துப் போனான். புதருக்குள் சிறுத்தை படுத்திருந்தது. துடியாள் கத்தினாள். மான்கள் பிழைத்தன. ஆனால், தலைவனே கூட்டத்தைச் சிறுத்தையின் வாயருகே கொண்டுபோய் நிறுத்தினான் என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று மாலை கவையன் அவளைத் தனியே அழைத்தான்.

"துடியாள், இனிமேல் எதைப் பார்த்தாலும் முதலில் என் காதில் வந்து சொல். கூட்டத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

"நான் பறந்து வந்து காதில் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குட்டி போய்விடுமே! அது என்னால் ஆகாது."

"அப்படியானால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்" என்றான் கவையன், சிரித்த முகமாக. "எங்கே போனாலும் நன்றாக இரு."

துடியாள் கும்பிட்டு விடைபெற்றாள்.

முதலில் கடமான் கூட்டத்திடம் போனாள். "நீயா! உன்னைப்போல் ஒருத்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். நாளைக்கே வந்துவிடு" என்றது பெரிய கடமான். மறுநாள் போனாள். கடமான் அவள் முகத்தைப் பார்க்காமல், "இப்போதைக்குக் காவல் வேண்டாம் என்று நினைக்கிறோம்" என்றது.

அடுத்து முயல்களிடம் போனாள். அங்கேயும் அதே கதை. முந்தின நாள் அவளைச் சுற்றிக் குதித்த முயல்கள், மறுநாள் அவளைக் கண்டதும் குட்டிகளை வளைக்குள் தள்ளின.

துடியாளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆற்று மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். 'குரல் கெட்டுவிட்டதோ? கண் மங்கிவிட்டதோ?' யாரும் இல்லாத இடத்தில் கத்திப் பார்த்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. இரை தின்னப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் பறந்தாள். முட்டையிடும் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய சிநேகிதன் கரிச்சான், துடுக்குக்காரன், இதையெல்லாம் மரக்கிளையிலிருந்து பார்த்தான்.

"கடமானும் முயலும் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள்?" என்று கேட்டான்.

"ஓடைத்துறையில்."

"கவையன்?"

துடியாள் நடப்பதை நிறுத்தினாள். "அவரும் அங்கேதான். ஆனால் அவர் என்னை நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தார்."

"அதையும் பார்த்துவிடுவோம். நீ கோரைப்புல்லில் மறைந்துகொள்."

கரிச்சான் பறந்துபோய்க் கவையன் எதிரில் உட்கார்ந்தான். "தலைவரே, ஒரு கூட்டத்துக்குக் காவல் தேவைப்படுகிறது. துடியாள் எப்படி?"

"துடியாளா? நல்ல பறவைதான்..." என்று கவையன் ஆரம்பித்தான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னதாக இருக்க வேண்டாம். அவள் இருக்கிறாளே... சரி, விடு. அந்தக் கூட்டத்தில் குட்டிகள் உண்டா?"

"உண்டு."

"அப்படியா? கொஞ்சம் யோசித்துக்கொள்ளச் சொல். அவ்வளவுதான் சொல்வேன்."

கோரைக்குள் இருந்த துடியாள் எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு பொய்கூட அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதை மறுக்கலாம். பெருமூச்சை எப்படி மறுப்பது?

கரிச்சான் கொதித்துப்போய்த் திரும்பி வந்தான். "இரு, அவனைப் பற்றி நான் காடெல்லாம் சொல்கிறேன். இருக்கிறதையும் சொல்கிறேன், இல்லாததையும் சொல்கிறேன்!"

"வேண்டாம்" என்றாள் துடியாள். "பிறகு அவரைப்போல இந்தக் காட்டில் நீயும் நானுமாக இன்னும் இரண்டு பேர் இருப்போம்."

அதற்குமேல் அங்கே நிற்க அவளால் முடியவில்லை. ஆற்றைத் தாண்டிக் காட்டெருமைகளிடம் பறந்தாள். அந்தக் கூட்டத்தின் தலைவி பெரிய உடம்புக்காரி, நிதானக்காரி. ஒரு வாய்ப் புல்லை மென்று முடிக்காமல் அடுத்த வார்த்தை பேசமாட்டாள்.

"முன்பு எங்கே இருந்தாய்?"

"கவையனிடம், அக்கா. நீங்கள் அவரிடம் விசாரிப்பீர்கள். விசாரியுங்கள். அவர் நல்லபடியாக ஆரம்பித்துப் பெருமூச்சு விடுவார். அப்போது ஒன்றே ஒன்று கேளுங்கள். 'அவள் கத்தாத நாள் எது?' பதில் வருகிறவரை நகராதீர்கள்."

"நகராமல் நிற்பது எனக்குக் கஷ்டமில்லை" என்றாள் தலைவி.

மறுநாள் காலை ஓடைத்துறையில் மான் கூட்டம் முழுவதும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. காட்டெருமைத் தலைவி ஓடைக்குள் இறங்கிக் கவையன் முன்னால் நின்றாள். துடியாள் மணல்மேட்டில் நின்று பார்த்தாள். நின்றாள் என்பது பேருக்குத்தான். கால் மாற்றி, கால் மாற்றி, மணலைக் குழியாக்கிவிட்டாள்.

"கவையா, துடியாள் எப்படி?"

"நல்ல பறவைதான்..." பெருமூச்சு வந்தது.

"அவள் கத்தாத நாள் எது?"

கவையன் திடுக்கிட்டான். "நான் அப்படிச் சொல்லவில்லையே!"

"அவள் கத்தாத நாள் எது?"

"உங்கள் நல்லதுக்காகத்தான்... குட்டிகள் இருக்கிற கூட்டமாயிற்றே என்று..."

தலைவி அசைபோட்டாள். நகரவில்லை. "கத்தாத நாள் எது, கவையா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. ஒரு பெண்மான் முன்னால் வந்தது. "அப்படி ஒரு நாளும் இல்லை. அவள் கத்தியதால்தான் என் குட்டி இதோ நிற்கிறது. அவளைப் பற்றியா இப்படிப் பேசினீர்கள்?"

கவையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கத்தினாள்! யார் இல்லை என்றார்கள்? எல்லார் எதிரிலும் கத்தினாள்! என் காதில் சொல் என்றேன், கேட்கவில்லை!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே புரிந்தது.

"ஆக, சிறுத்தையைப் பார்த்ததும் கத்தினாள்" என்றாள் காட்டெருமைத் தலைவி. "எனக்கு அது போதும்." மெதுவாகத் திரும்பிக் கரையேறினாள். "வாம்மா துடியாள், போகலாம்."

துடியாள் காட்டெருமைகளின் புல்வெளியில் முட்டையிட்டாள், குஞ்சும் பொரித்தாள்.

சில நாள் கழித்து ஒரு மந்தி அவளைத் தேடி வந்தாள். "மான் கூட்டத்தில் காவலுக்குக் கூப்பிடுகிறார்கள். நீ அங்கே இருந்தவள். கவையன் எப்படி?"

துடியாளின் நாக்கு துறுதுறுத்தது. அலைந்ததும் பசித்ததும் தொண்டைவரை வந்தன. குஞ்சுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு சொன்னாள்.

"அங்கே புல் நல்லது, தண்ணீர் பக்கம். மான்கள் நன்றி உள்ளவர்கள். சிறுத்தையைக் கண்டால் முதலில் தன் காதில் வந்து சொல்லச் சொன்னார் கவையன். நான் மாட்டேன் என்றேன். நடந்தது இதுதான்."

"காதிலா? நான் மரத்தை விட்டு இறங்கி வருவதற்குள் சிறுத்தை தின்றுவிட்டுத் தூங்கிவிடுமே!" என்றாள் மந்தி. "இன்னும் ஏதாவது உண்டா?"

தூரத்தில் புல் அசைந்தது. துடியாள் அந்தப் பக்கம் திரும்பி, கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

நீதி: ஒருவரைப் பற்றிச் சொல்வதானால் நடந்ததைச் சொல், கேட்பதானால் என்ன நடந்தது என்று கேள்.